உப்புக் கழுவிய நட்சத்திரம்

நான் வேலை செய்த மியூசியம் லாப்பில் இப்போது தண்ணீர் மாற்ற ஆள் தேவையில்லையாம். தொட்டியில் ஒரு பம்ப் பூட்டியிருக்கிறார்களாம். அது தானாகவே பழைய தண்ணீரை வெளியே விட்டு நல்ல தண்ணீரை உள்ளே எடுக்கும், எவ்வளவு உப்புக் குறைந்தது என்று கம்பியூட்டர் கோடு கீறிக் காட்டும். போன மாதம் அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்து இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, முந்தி இதையெல்லாம் கையாலேயா செய்தீர்கள் என்று, ஏதோ நான் மாட்டுவண்டியில் வேலைக்குப் போனவன் மாதிரிக் கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் ரெலிபோனை வைக்க மனமில்லாமல் நெடுநேரம் கதைத்தேன். ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகளின் வீட்டில் இருக்கிறவனுக்கு வேலைநாளில் வேறு யார் எடுக்கிறார்கள்? மகளும் மருமகனும் காரை எடுத்துக்கொண்டு போனால், பின்னேரம் வரைக்கும் நானும் ஃப்ரிட்ஜ் உறுமுகிற சத்தமும்தான். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகளுக்கு இதைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

"அப்பா, இதை எனக்குச் சொன்னால் நான் பாதியிலை நித்திரையாப் போயிடுவன். எழுதி வையுங்கோவன்."

அதுதான் எழுதுகிறேன்.

ஊரில் நான் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையின் லாப்பில் சுண்ணாம்பு பரிசோதிக்கிற வேலை பார்த்தவன். ரொறன்ரோவுக்கு வந்து, எல்லாரையும் போல ஒரு ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவி, பிறகு ஒரு மியூசியத்தில் நிலம் துடைக்கிற வேலைக்குப் போனேன். மியூசியத்தின் அடித்தளத்தில் பழைய பொருட்களைத் திருத்திப் பாதுகாக்கிற லாப் இருந்தது. அங்கே கண்ணாடிச் சாமான்களை உடைக்காமல் கழுவ ஒரு ஆள் கேட்டார்கள். எங்கள் சுப்பவைசர் என்னை அனுப்பினார். இங்கிலீஷ் வராததால் நான் வாயைத் திறப்பதில்லை, அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். போன நான் திரும்பி வரவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான்.

லாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐரீன். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வராது. மேலதிகாரியை, அதுவும் நரைத்த தலை உள்ள ஒரு பெண்ணை, எப்படி வெறும் பெயரில் கூப்பிடுவது? நான் 'மிஸ் ஐரீன்' என்றேன். பலமுறை திருத்திப் பார்த்துக் களைத்துப்போய் விட்டுவிட்டார். கடைசியில் லாப்பில் எல்லாருமே அவரை அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்கள், முதலில் பகிடிக்கு, பிறகு பழக்கத்தில்.

அவரிடம் சில முறைகள் இருந்தன. எந்தப் பொருளைத் தொடுவதற்கு முன்னும் மோதிரத்தைக் கழற்றி ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் போடுவார். இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். பிறகு என்னைக் கேட்பார்: "என்ன தெரிகிறது?" என்ன நினைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் 'வடிவான பூ' என்று சொன்னால் இல்லையென்று தலையை ஆட்டுவார். பூ, ஐந்து இதழ், நீலம், ஒரு இதழின் ஓரத்தில் வெடிப்பு என்று சொல்ல வேண்டும். வடிவு, அழகு என்ற சொல்லே அவர் வாயில் வராது. வருடக்கணக்காக உலகத்தின் மிக வடிவான பொருட்களோடு வேலை செய்த மனுசி, ஒரு நாளும் வடிவு என்று சொன்னதில்லை. எனக்கு ஆரம்பத்தில் அது கல்நெஞ்சு மாதிரித் தெரிந்தது.

எங்கள் மேசைக்கு எல்லா நாட்டுச் சட்டி பானையும் வரும். என் மனதைப் பிடித்தவை இஸ்லாமிய நாடுகளின் ரைல்கள், சுவரில் பதிக்கிற ஓடுகள். துருக்கியிலிருந்து வந்தவற்றில் ஒரு சிவப்பு இருக்கும், விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படும் அளவுக்குத் தடித்த சிவப்பு. முல்தான் பக்கத்து நீலத்தைப் பார்த்தால் தாகம் வரும். எல்லாவற்றிலும் மேலானவை பாரசீகத்தின் பொன்மினுக்கு ரைல்கள். எட்டு முனை நட்சத்திரமும் சிலுவை வடிவமும் மாறி மாறிப் பொருந்தி ஒரு சுவர் முழுக்க ஓடும். ஓரங்களில் சுற்றிவர எழுத்து. அந்தப் பொன் பொன்னல்ல என்று மிஸ் ஐரீன் சொன்னபோது நான் நம்பவில்லை. கண்ணாடிபோல உருகிப் படியும் வெள்ளை மெருகு பூசி ஒருதரம் சுட்டு, அதன்மேல் வெள்ளியும் செம்பும் கலந்த குழம்பால் கீறி, காற்றை அடைத்துப் புகையடிக்க இரண்டாம் தரம் சுடுவார்களாம். சூளையிலிருந்து எடுக்கும்போது கறுப்புக் கரிதான் தெரியும். அந்தக் கரியைத் தேய்த்தால் உள்ளே மினுக்கம் நிற்கும். நேரே பார்த்தால் வெறும் மண்ணிறம். கொஞ்சம் சரித்துப் பிடித்தால் திடீரென்று செம்பு, பொன், ஒரு ஊதாக்கீற்று. எழுநூறு வருடங்களுக்கு முன்னே ஒருவன் புகையை நம்பிச் செய்த வேலை. படம் எடுத்தால் அது படத்தில் விழாது, சரிக்கிற கை வேண்டும்.

இந்த ரைல்களுக்கு எமன் உப்பு. பழைய சுவர்கள் நிலத்துத் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரோடு உப்பும் ரைலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஈரம் இருக்கும் மட்டும் அது பேசாமல் கிடக்கும். ரொறன்ரோவில் ஜனவரி மாதம் ஹீற்றர் போட்ட அறைக்குள் காற்று எப்படிக் காய்ந்திருக்கும் என்று உதடு வெடித்த எல்லாருக்கும் தெரியும். அந்த வறட்சியில் உப்பு மேலே வந்து, மெருகுக்குக் கீழே பளிங்காகி, மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். மருந்து ஒன்றுதான். உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீரில் ரைலைக் கிடத்த வேண்டும். உள்ளே இருக்கும் உப்பு தண்ணீருக்கு வரும். தண்ணீரை மாற்ற வேண்டும். மீற்றரை விட்டு உப்பைப் பார்க்க வேண்டும். திரும்ப மாற்ற வேண்டும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். அந்த வேலைதான் என்னுடையது.

உப்புக்கு ஞாயிறு லீவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமையும் போவேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மன்ற்றில் இருந்தேன். மேலே இருந்த வீட்டுக்கார அன்ரி நான் சப்பாத்துப் போடுவதைப் பார்த்தால் விடமாட்டா.

"ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ அண்ணை? ஓவர்டைம் குடுக்கிறாங்களோ?"

"ஓம்" என்பேன். ஒரு சதமும் கிடையாது. லாப்பில் எல்லாரும் அதை வேலைப்பற்று என்று நினைத்தார்கள். தனிமைதான். அப்போது மனைவியும் குழந்தையாக இருந்த மகளும் யாழ்ப்பாணத்தில், அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டே போனது. ஊருக்கு ரெலிபோன் இல்லை. ஞாயிறு மத்தியானம் அந்த நிலக்கீழ் அறைக்குள் இருந்தால் என் மூச்சு எனக்கே கேட்கும். அதைவிடத் தொட்டிக்குள் கிடக்கிற ரைலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பர்வீன் வந்தது ஒரு வசந்தகாலத்தில். வீட்டில் உள்ள பழைய பொருட்களைச் சனங்கள் கொண்டுவந்து காட்டுகிற நாள் ஒன்று மியூசியத்தில் இருந்தது. என்னிலும் மூத்த ஈரானியப் பெண். நோர்த் யோர்க்கில் ஒரு அப்பார்ட்மன்ற்றில் தனியே இருந்தார். மளிகைக்கடைப் பைக்குள் சால்வையால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். சால்வையைப் பிரித்ததும் மிஸ் ஐரீன் மோதிரத்தைக் கழற்றினார்.

பொன்மினுக்கு நட்சத்திரம். நடுவில் ஒரு மரம், அதன் கீழே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் சம்மணமிட்டு இருக்கிறார்கள். உடுப்பெல்லாம் புள்ளியும் கொடியும். ஆனால் ஓரமெல்லாம் மெருகு உதிர்ந்து, கீழே வெள்ளை மண் தெரிந்தது. உதிர்ந்த செதில்களையும் ஒரு கடுதாசிக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தார். எப்படி உதிர்ந்தது என்று மிஸ் ஐரீன் கேட்டார். ஒவ்வொரு வருடமும் புதுவருடத்துக்கு முன் வீட்டைக் கூட்டித் துடைத்துக் கழுவுவது எங்கள் வழக்கம், அப்போது இதையும் குழாய்த் தண்ணீரில் கழுவுவேன் என்றார் பர்வீன். கழுவி? மிஸ் ஐரீன் கேட்டார். கழுவி, நன்றாகக் காயட்டும் என்று ஹீற்றருக்கு மேலே வைப்பேன் என்றார்.

அவ்வளவு கவனமாக, அவ்வளவு அன்பாக, வருடாவருடம் உப்பை எழுப்பி மேலே கூப்பிட்டிருக்கிறார். மிஸ் ஐரீன் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தண்ணீரும் சூடும் சேர்ந்தால் இப்படி நடக்கும், இனிச் செய்யாதீர்கள் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பர்வீனுக்கு விளங்கிவிட்டது. செதில்கள் கிடந்த கடுதாசியைத் தன் பக்கம் இழுத்து மறுபடி மடித்தார்.

பிறகுதான் கதை வந்தது. தகப்பன் கடைத்தெருவில் வாங்கிவந்த ரைல். பர்வீனும் தங்கை மஹினும் சின்ன வயதில் அந்த இரண்டு உருவங்களுக்கும் தங்கள் பெயர்களை வைத்தார்கள். வலப்பக்கம் பர்வீன், இடப்பக்கம் மஹின். மெழுகுதிரிக்கு முன்னே சரித்துப் பிடித்தால் சுற்றியுள்ள பொன்னெல்லாம் அசையும், நடுவே இரண்டு முகமும் சிரிக்கிற மாதிரி இருக்கும். மஹின் தெஹ்ரானில் இறந்துபோனார். எப்படி என்று பர்வீன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பயத்தில் வீட்டில் இருந்தவர்கள் மஹினுடைய படங்களையெல்லாம் எரித்துவிட்டார்களாம். அதை நான் யாரிடமும் விளங்கப்படுத்திக் கேட்கத் தேவையில்லை. ஆமி வருகுதென்று படம் ஒட்டின அல்பத்தை அடுப்பில் போட்ட வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தன.

"அவளுடைய முகம் இப்போது எனக்கு ஞாபகத்தில் வருவதில்லை. யோசித்தால் இந்த முகம்தான் வருகிறது" என்று ரைலைக் காட்டினார்.

ரைலை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கழுவுவதற்கு முன் எல்லாவற்றையும் புறஊதா விளக்கில் பார்ப்பது வழக்கம். நான் லைற்றை அணைத்தேன். ரைல் முழுக்க இருண்டு கிடந்தது. அந்த இரண்டு முகங்கள் மட்டும் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தன.

"என்ன தெரிகிறது?" என்றார் மிஸ் ஐரீன் இருட்டுக்குள்.

தெரிந்தது இதுதான்: அந்த முகங்கள் சூளை கண்டவையல்ல. அரக்கு வார்னிஷில் பிற்காலத்தில் யாரோ வைத்த பூச்சு, அரக்குத்தான் அந்த விளக்கில் அப்படி ஒளிரும். விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது வலப்பக்க முகத்தின் பூச்சுக்குக் கீழே ஆணியால் கீறினது போன்ற கோடுகள் தெரிந்தன. மார்க்கத்தில் உருவம் கூடாது என்று நினைத்த யாரோ எப்போதோ சுரண்டியிருக்கிறார்கள். பிறகு சுவரிலிருந்து கழற்றி விற்ற வியாபாரி, முகமில்லாவிட்டால் விலை போகாது என்று புதிதாகக் கீறுவித்திருக்கிறான். சுரண்டினவனைத் திட்ட எனக்கு வாய் உன்னியது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து முஸ்லிம் சனங்களை உடுத்த துணியோடு போகச் சொன்னது எங்கள் ஆட்கள்தான். நான் யாரை நோக்கி விரல் நீட்டுவது?

சிக்கல் என்னவென்றால், ரைலைத் தண்ணீரில் போட்டால் அந்த முகங்கள் கழன்றுவிடும். ஈரத்துணிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் அரக்கு தாங்கும், வாரக்கணக்காக ஊறினால் தாங்காது. தண்ணீரில் போடாவிட்டால் அடுத்த குளிருக்குள் மெருகு முழுக்க உதிர்ந்துவிடும், முகங்களும் சேர்த்து. மிஸ் ஐரீன் விடவில்லை. பின்பக்கத்தில் ஈரக் கடுதாசிக் கூழை அப்பி உப்பைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். பல நாள் செய்தோம். உப்பு முன்பக்கமாகவே வந்தது. தலைகீழாக நின்றாலும் வேறு வழியில்லை.

பர்வீனைக் கூப்பிட்டு இருத்தி மிஸ் ஐரீன் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பர்வீன் கேட்டார்:

"அப்படியென்றால் என் தங்கையின் முகம் பொய்யா?"

"நான் பொய் என்று சொல்லவில்லை. பிந்திய பூச்சு என்று சொன்னேன்."

முடிவு உங்களுடையது, ரைல் உங்களுடையது என்றார். பெரிய கலர்ப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். பர்வீன் ஒரு படத்தை எடுத்து, இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். அன்றைக்கு முடிவு சொல்லாமல் போனவர் சில நாள் கழித்து வந்தார்.

"கழுவுங்கள். வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதைப் பார்க்க முடியாது. ஞாபகத்திலிருந்து அவள் முகம் ஒருதரம் அப்படிப் போனது போதும். ஆனால் நானும் பக்கத்தில் இருப்பேன்."

வெளி ஆட்கள் லாப்பில் இருக்கக்கூடாது. மிஸ் ஐரீன் எழுந்து போய் ஒரு வெள்ளைக் கோட் எடுத்துவந்து கொடுத்தார்.

முதலில் உதிர இருந்த மெருகையெல்லாம் மெல்லிய யப்பான் கடுதாசியால் ஒட்டிப் பிடித்தேன். பிறகு வலைத்தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினோம். பர்வீன் அடிக்கடி வருவார், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் மிஸ் ஐரீன்தான் அனுமதி எடுத்துக் கொடுத்தார். நான் தண்ணீர் மாற்றுவேன், அவர் ஸ்ரூலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் இரண்டு பேருடைய இங்கிலீஷும் அரைகுறை, அதனால் நீண்ட கதை இல்லை. ஒருநாள் மனைவியைப் பற்றிச் சொன்னேன். மனைவியின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். ஓம், நல்லாய் இருக்கு என்றேன். அன்றைக்குப் பேஸ்மன்ற்றில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சுவரில் தொங்கிய கலியாணப் படம்தான் வந்தது. அதில் அவளுக்கு மேக்கப் போட்டு, ஸ்ரூடியோக்காரன் கன்னத்தில் நிறம் பூசி ரச்சப் வேறு செய்திருந்தான். அதைத் தாண்டி ஒரு முகம் எடுக்க எனக்கு முடியவில்லை. பயந்துபோனேன்.

உப்பு இறங்க இறங்க முகங்களின் பூச்சு சுருங்கி எழும்பியது. ஒருநாள் மிஸ் ஐரீன், இனி எடுத்துவிட வேண்டும், விட்டால் கிழிந்து தண்ணீரில் போகும் என்றார். பர்வீனுக்குச் சொல்லி அனுப்பினோம். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி மிஸ் ஐரீன் கையில் எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குச்சியைப் பர்வீனிடம் நீட்டினார். தேய்க்கக்கூடாது, உருட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார். தன் மேசையில் வேறு ஒரு கை படவே விடாத மனுசி.

பர்வீன் வலப்பக்க முகத்தை, தன் முகத்தை, தானே எடுத்தார். கீழே வெறும் கீறல்கள். ஒரு மூக்கின் மிச்சம்கூட இல்லை. இடப்பக்கத்துக்கு வந்ததும் குச்சியை என்னிடம் தந்தார்.

"என்னால் முடியாது. நீங்கள் செய்யுங்கள்."

நான் உருட்டினேன். நெற்றி கழன்றது, கண் கழன்றது, சிரிக்கிற வாய் பஞ்சில் மண்ணிறமாக வந்து ஒட்டிக்கொண்டது. கீழே கீறலைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு புருவம் தெரிந்தது. பிறகு நீண்ட கண், சின்ன வாய், நிலாப்போல உருண்ட கன்னம். சுரண்டினவன் அந்த முகத்தைத் தொடவே இல்லை. வியாபாரி இரண்டும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று நல்ல முகத்துக்கு மேலேயும் பூசிவிட்டிருக்கிறான். எழுநூறு வருடப் பழைய முகம் அப்படியே இருந்தது. விளக்கைச் சரித்ததும் பொன்னாக எரிந்தது.

"வடிவு" என்றார் மிஸ் ஐரீன்.

லாப் அமளிப்பட்டது. மேல்மாடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கமரா வந்தது. ஒருவர் என் முதுகில் தட்டினார். எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லமாட்டேன். எங்கள் மேசைக்கு வந்தவற்றிலே அதைப்போல ஒரு முகம் இருந்ததில்லை. பர்வீனை எல்லாரும் மறந்துபோனோம். சத்தம் கொஞ்சம் அடங்கியபிறகு அவர் கிட்ட வந்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"இவளை எனக்குத் தெரியாது" என்றார்.

மிஸ் ஐரீனின் முகம் சிவந்துவிட்டது. உங்களுக்குத் தந்த படங்களைப் பார்த்து, மேலே ஒரு மெல்லிய தாளில் கழற்றிய முகத்தை வரைந்து வைக்கலாம், வேண்டியபோது எடுக்கலாம் என்றார். தெரியாத ஒன்றை நிரப்பக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். பர்வீன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். இவள் இங்கேயே இருக்கட்டும், இவளைப் பார்க்க நிறையப் பேர் வருவார்கள், எனக்கு ஒன்று மட்டும் தாருங்கள் என்றார்.

பஞ்சைக் கேட்டார். நான் கடைசியாக உருட்டின பஞ்சை.

எடுத்த பூச்சைப் பரிசோதனைக்கென்று போத்தலில் போட்டு வைப்பது எங்கள் ஒழுங்கு. மிஸ் ஐரீன் போத்தலைத் திறந்தார். குச்சியிலிருந்து பஞ்சைக் கழற்றி, பர்வீனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டார். மோதிரம் போட மறந்து அன்றைக்கு அப்படியே வீட்டுக்குப் போனார்.

நான் பர்வீனோடு சப்வே வரைக்கும் நடந்தேன். வாசல் பெட்டியில் போடுகிற ரோக்கனை எடுக்க அவர் இடது கையால் பைக்குள் துழாவினார், அகப்படவில்லை. வலது கையைத் திறக்கவில்லை. என்னுடைய ரோக்கனைப் போட்டு அவரை உள்ளே விட்டேன். அவருக்கு வடக்கே போகிற ரெயின், எனக்குக் கிழக்கே. அவருடையது முதலில் வந்தது. ஜன்னலோரம் இருந்தார். மூடிய கை மடியில், அதற்கு மேலே மற்றக் கை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தப் பஞ்சில் இருந்தது பழைய அரக்கும் ஊத்தையும்தான். லாப்பில் வேலை செய்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் ரெயின் போனபிறகு அந்த மேடையில் நின்று, மனைவியின் முகத்துக்கு அப்படி ஒரு துண்டுப் பஞ்சுகூட என்னிடம் இல்லையே என்று நான் அழுதேன்.